செவலைக் கடுவன்

சன்னாசியின் இரண்டாம் சம்சாரம் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து, மாட்டாஸ்பத்திரியில் அவர்கூட வேலை பார்ப்பவர்களுக்கு வாய் நிற்கவில்லை. "பெரிசு, பொறக்குற பிள்ளை ஒம்மை அப்பான்னு கூப்பிடுமா, தாத்தான்னு கூப்பிடுமா?" என்பான் வேலாண்டி. அறுபதைத் தாண்டிய சன்னாசி தன் வீட்டுச் செவலைக் கடுவனைத்தான் சாட்சிக்கு இழுப்பார். "அந்தக் கெழட்டுப் பூனைக்குப் பல்லே இல்லடா. ஆனா தெருவுல பொறக்குற குட்டி பூராத்தையும் பாரு. அது நெறம்."

சண்டையில் விதைப்பையில் கடிபட்ட அந்தப் பூனைக்குப் போன வாரம் விதை எடுத்தார்கள். அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் வைத்திருந்த டாக்டரம்மா, "உங்க வீட்டுப் பூனைதானே, வந்து பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். சன்னாசி குனிந்தார். மேலேயிருந்து எட்டிப் பார்க்கிற உறைகிணறுகள் மாதிரி வட்டம் வட்டமாய்த் தெரிந்தது. உறை தடித்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

"இந்த வட்டமெல்லாம் விந்து ஊறுற குழாய். வயசாயிடுச்சுல்ல, வத்திப்போச்சு. இதை வச்சுக் குட்டி உண்டாகுறது சந்தேகம்தான்."

"அப்ப அந்தக் குட்டிக எல்லாம்?"

"ஊர்ல செவலைப் பூனை இது ஒண்ணுதானா?" டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். "ஒண்ணு ரெண்டு குழாயில இன்னும் இருந்தாலும் இருக்கும். தேடித்தான் பாக்கணும்."

வாசலில் சினைமாட்டை வண்டியிலிருந்து இறக்க முடியாமல் சன்னாசியின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவர் கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடித் துண்டை விரல் நுனியால் ஒரு நூல் அளவு நகர்த்தினார். இன்னொரு கிணறு. மறுபடியும் ஒரு நூல்.