மூக்குக்காரர் வீட்டுப் பூனை

கதவைத் திறந்ததும் குப்பென்று நாற்றம் மூக்கில் அடித்தது.

கூடத்தில் என் வீட்டுக்காரர் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“சுத்தமா வாடையே இல்ல பாத்தியா? செக்ரட்டரி தாராளமா வந்து மோந்து பாக்கட்டும்.”

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பூனையின் நாற்றம் படிக்கட்டு வரை வருகிறதென்று குடியிருப்பில் புகார்மேல் புகார். சாயங்காலம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். வாடை இருந்தால் பூனை வீட்டைவிட்டுப் போயாக வேண்டும், பேச்சே கிடையாது.

பூனைக்குத் துரை என்று பெயர். குட்டியாக மழையில் நனைந்து வந்து என் செருப்புமேல் சுருண்டு படுத்தது. அன்றிலிருந்து வீடே அதனுடையது, நாங்கள் இரண்டு பேரும் வேலையாட்கள். அதைக் கொடுத்துவிட்டு நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தேன். வீட்டுக்குள்ளேயே புழங்கிப் புழங்கி என் மூக்கு மரத்துப் போயிருக்கலாம். அவருடையது சாதாரண மூக்கா? சோப்புக் கம்பெனியில் ஒவ்வொரு கலவையும் அச்சுக்குப் போகுமுன் அவர் மோந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். மல்லிகை ஒரு சொட்டுக் கூடினாலும் பிடித்துவிடுவார். குடியிருப்பிலேயே அவருக்குப் பேர் மூக்குக்காரர். மருந்துக்கடை வேலையில் நான் வாங்கும் சம்பளம் கைச்செலவுக்குத்தான் காணும். எங்கள் அடுப்பு எரிவது அந்த மூக்கை நம்பித்தான்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வந்து, நான் சொன்னதையெல்லாம் செய்திருந்தார். மணல் டப்பாவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் சமையல் சோடா தூவி, புது மணல் கொட்டியிருந்தார். கூடவே, காற்றாடட்டும் என்று டப்பாவைக் குளியலறையிலிருந்து பால்கனிக்கு மாற்றிவிட்டார். அதை நான் சொல்லவில்லை.

துரைக்குக் கோபம். பழைய இடமும் இல்லை, பழைய மணலும் இல்லை. நேரே கூடத்துக்கு வந்து சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த கம்பளத்தில் மூத்திரம் போய்விட்டது.

கம்பளம் நனைந்து கருத்திருந்தது. ஈரத்தை ஒட்டித்தான் அவருடைய கால்.

வாயெடுத்தேன். அதற்குள் அவர் மூச்சை ஆழமாக இழுத்து, ஒன்றுமே இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

அது நடிப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத முகம் அது.

அழைப்புமணி அடித்தது.

செயலாளர் வாசலிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். அவருக்கும் அதே கம்பெனிதான், மேலே ஆபீஸில் வேலை. சுளித்த முகம் இவரைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டது.

“நீங்களே இருக்கும்போது நான் எதுக்கு சார் மோந்து பாக்கணும்? நீங்களே சொல்லுங்க. வாடை அடிக்குதா, இல்லையா?”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். விடையை என் முகத்தில் தேடுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அடிக்கிறதென்று சொல்லும்படி கண்ணைக் காட்டினேன். பூனைக்காகக் கெஞ்சுகிறேன் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இல்லையென்று தலையசைக்கப் போனார்.

நான் முந்திக்கொண்டேன்.

“அடிக்குது சார். அவரு அப்பவே சொன்னாரு, நான்தான் வாயை மூடிக்கிட்டு இருங்கன்னேன். நாளைக்கே பூனையைக் குடுத்துடுறோம்.”

செயலாளர் சிரித்தார். மூக்குக்காரருக்கே தெரியாமல் போகுமா என்று அவருடைய தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்தினேன். துரை வந்து என் காலில் உரசியது. அதைக் குனிந்து தூக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்து கம்பளத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஈரத்தில் பட்டது. அதை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

“போன மாசம் வந்த காய்ச்சலுக்கு அப்புறம் மூக்குக்கு எதுவுமே தெரியல” என்றார்.

கொஞ்ச நாளாக அவர் வேலையிலிருந்து வரும்போது சட்டைப்பையில் இரண்டு சோப்புத் துண்டு இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எது நன்றாயிருக்கிறது என்று என் மூக்கருகே நீட்டுவார். இந்த வயதில் மனுஷனுக்கு என்மேல் புதுசாக ஆசை வந்திருக்கிறதென்று நான் பூரித்துப் போயிருந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே மோந்து பார்த்து இது, அது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு துண்டுகளையும் வைத்து நீட்டினார். எந்தக் கலவை அச்சுக்குப் போகலாம் என்று நாளைக் காலையில் அவர் சொல்லியாக வேண்டும்.

மாற்றி மாற்றி மோந்து பார்த்தேன். கம்பளத்தின் நாற்றம்தான் ஏறியது. அதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுங்க” என்று ஒன்றைத் தொட்டேன்.

அதை மட்டும் தனியாகக் காகிதத்தில் மடித்து, சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.