காபோங் மலையின் ரவுட்டர்

குலு நகர அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே, காபோங் மலைக் கோபுரத்து ரவுட்டரின் பழைய டெல்நெட் வழியை லாமுனு அடைக்கிறாள். எவரும் ஒட்டுக்கேட்கக்கூடிய வழி அது. நாற்பத்திரண்டு ரவுட்டர்கள் முடிந்தன, இது கடைசி. கை தவறினால் அவளே வெளியே நிற்பாள். அப்புறம் அதைச் சரிசெய்ய மலைக்குச் சேற்றில் இரண்டு நாள் பயணம்தான். ஜன்னல் வெயில் திரையில் வழிகிறது. பின்னால் சக ஊழியன் ஒகிடி முட்டைச் சப்பாத்திச் சுருளை மெல்லுகிறான். “ஜீப்புக்கு டீசல் போடச் சொல்லட்டுமா தாயே?” “சொல்லு, நீயே ஓட்டிட்டுப் போ.” பழைய இணைப்பை அவள் இன்னும் விடவில்லை. திரையில் பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தைத் திறந்து, பாதுகாப்பான புதிய வழியில், தன் கணினியில் மட்டும் இருக்கும் ரகசிய மின்சாவியால் நுழைந்து பார்க்கிறாள். ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி வரவேற்கிறது. அதற்குப் பிறகே பழைய வழியை அடைத்துச் சேமிக்கிறாள். நாற்காலியில் சாய்கிறாள். “இப்ப நீ பழைய வழியில போ பாப்போம்.” ஒன்பது வருஷமாக அலுவலகம் முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டை வைத்தவனே ஒகிடிதான். எண்ணெய் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு தன் கணினியில் தட்டுகிறான், மறுபடியும் தட்டுகிறான். “என்னடி இது, பாஸ்வேர்டே கேக்க மாட்டேங்குது!” லாமுனு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட அது பேசாது.”