சுமனுக்கு மட்டும் சோதனை

“அம்மா! கனடாவிலயிருந்து கடிதம் வந்திட்டுது!”

கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி றொமேஸ் முற்றத்தில் துள்ளினான். பக்கத்து வீட்டு ஸ்ரெல்லா அக்கா வேலியடிக்கே வந்துவிட்டாள்.

“என்னவாமடா?”

“அப்பா எங்களைக் கூப்பிடுறது சரிவரப்போகுது அக்கா! ஒரேயொரு டி.என்.ஏ. சோதனைதான் மிச்சம். கொழும்புக்குப் போய் எச்சில் குடுக்கவேணுமாம். அதுவும் அம்மாவும் சுமனும் மட்டும். என்னைக் கேக்கவேயில்லை!”

ஸ்ரெல்லா அக்கா ஒரு மாதிரிச் சிரித்தாள்.

கொக்கிளாயில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். சண்டை முடிந்து அவர்களின் அம்மா யூலிற்றா முகாமுக்கு வந்தபோது இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்றாக இரண்டு குழந்தைகள். அதில் ஒன்று, செல்லடியில் தாயைப் பறிகொடுத்துக் கிடந்ததை அவள் தூக்கிவந்தது. எது என்று அவள் வாய் திறந்ததில்லை. இளையவன் சுமனின் முகத்தில் வீட்டுச் சாடை இல்லை என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. றொமேசும்தான்.

“வெள்ளைக்காரனுக்கும் சந்தேகம் வந்திட்டுது, பாத்தியே?” என்றான் தம்பியிடம். “உன்ர எச்சிலால எங்கட விசாவும் போகப்போகுது. நீ பேசாமல் இங்கயே நில்லன்.”

வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த சுமன் நிமிர்ந்து சிரித்தான்.

“சோதனை பிழைச்சால் நான் நிக்கிறன் அண்ணை. நீங்கள் போங்கோ.”

யூலிற்றா விறுக்கென்று எழுந்து குசினிக்குள் போனாள். சுமனும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனான்.

றொமேசுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. அப்பாவுக்கு உடனே சொல்லவேண்டும்! அம்மாவைக் கூப்பிடக் குசினி வாசலுக்கு ஓடினான். உள்ளே அவளின் விசும்பல் கேட்டு அப்படியே நின்றான்.

“என்ர வயித்தில பிறந்தவன் நீதானே ராசா. அதாலதான் உன்னைச் சோதிக்கக் கேக்கிறாங்கள். றொமேசைத் தத்தெடுத்த பிள்ளையெண்டு அப்பா கோட்டுத் தீர்ப்புக் கடதாசியோட எழுதிக் குடுத்திட்டார். அவனுக்குச் சோதனை தேவையில்லை. அது தெரியாமல் உன்னை எவ்வளவு பேச்சுப் பேசுறான்! இண்டைக்கு அவனிட்டச் சொல்லத்தான் போறன்.”

“மெல்லமாக் கதையுங்கோ அம்மா, கேட்டிடும்” என்றான் சுமன். “எடுத்து வளத்த பிள்ளை எண்ட பேர் எனக்குப் பழகிப்போச்சு. அண்ணை தாங்கமாட்டார்.”