ஏழாம் விதிக்கு ஒரு திருத்தம்

இரண்டாயிரம் பவுண்ஸ். இருபத்திரண்டு வருடம் கூடி விளையாடிய உறவை அறுத்துக்கொண்டு போவதற்குத் தென் லண்டன் கிரிக்கெட் லீக்கின் யாப்பில் ஏழாம் விதி கேட்ட விலை அவ்வளவுதான்.

டூட்டிங்கில் தியாகராஜாவின் பலசரக்குக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த கடித உறையைக் கண்டதும் ஞானேஸ்வரனுக்கு அந்தத் தொகைதான் நினைவுக்கு வந்தது. உறையின் மூலையில் ஹரோ சுப்பர் லீக்கின் பொன்னிற மயில். நடுவில் தியாகராஜாவின் பெயர்.

“என்ன தியாகு, ஹரோவில இருந்து காதல் கடிதமோ?”

“சும்மா ஒரு கடிதம், அண்ணை.” தியாகராஜா உறையை மேசை லாச்சிக்குள் தள்ளி மூடினார். “முருங்கைக்காய் இண்டைக்குத்தான் வந்தது. ஒரு கட்டுப் போடட்டோ?”

ஞானேஸ்வரன் முருங்கைக்காய் வாங்காமலே வெளியேறினார்.

லண்டனில் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் ஆடுகிற லீக்குகள் இரண்டு. தெற்கில் இருப்பது பாய் விரித்த மண்டபம் என்றால், ஹரோவில் இருப்பது குளிரூட்டிய கல்யாண மண்டபம். புல் ஆடுகளம், நேரலை, முதுகில் பெயர் அடித்த சட்டை, எல்லாம் அங்கேதான்.

கொன்றையடி மத்திய கல்லூரி அணியின் செயலாளரான ஞானேஸ்வரன் அங்கே இரண்டு தரம் விண்ணப்பம் போட்டவர். கல்லூரியின் பெயரை அந்த நேரலையில் ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. இரண்டு தரமும் வந்தது “பாப்பம் அண்ணை” என்ற ஒரே பதில். இப்போது போயும் போயும் தியாகராஜாவின் கண்டல்துறை இந்துவுக்கா அழைப்பு? போன வருடம் ஐம்பத்தெட்டு ஓட்டத்தில் சுருண்ட கூட்டத்துக்கா?

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

“அவையள் போனாப் போகட்டுமேனப்பா,” என்றாள் மனைவி பாமா. “உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?”

“எனக்கென்ன குறை? நான் லீக்கின்ர நன்மைக்குச் சொல்லுறன்.”

“நெஞ்சு எரியிறது லீக்குக்கோ, உங்களுக்கோ? பால் காய்ச்சித் தரட்டோ?”

ஞானேஸ்வரன் தொழிலில் வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற மோட்கேஜ் தரகர். ஒரு மனுசனை ஒரே கையெழுத்தில் முப்பது வருடம் கட்டிப்போடுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பாலைக் குடித்துவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு லீக்கின் பொதுக்கூட்டம். எட்டு அணிகளும் வந்திருந்தன. சுழற்சி முறையில் தலைவர் பதவி அந்த வருடம் தியாகராஜாவிடம் இருந்ததால், நடு நாற்காலியில் அவரே இருந்தார்.

ஞானேஸ்வரன் எழுந்து முதலில் பழைய ஏழாம் விதியை வாசித்தார். ஓர் அணியை வேறு லீக் அழைப்பதானால் தலைவருக்கு எழுதி, இரண்டு கிழமை, அதாவது பதினாலு நாள், பொறுத்துத்தான் அந்த அணியோடு பேச வேண்டும். போகிற அணி இரண்டாயிரம் கட்ட வேண்டும்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் திருத்தத்துக்கு வந்தார். இரண்டாயிரம் இனி இருபதாயிரம். இன்றே அமுல். தவணை இல்லை, கழிவு இல்லை, முறையீடு இல்லை. கட்டாமல் போகிற அணி கல்லூரியின் பெயரையும் கொடியையும் லீக்கிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஐந்து வருடத்துக்கு இந்த விதியில் ஒருவரும் கைவைக்க முடியாது.

வாசித்து முடித்ததும் அவர் கண் நேரே தியாகராஜாவின் முகத்துக்குப் போனது.

“தலைவர் என்ன சொல்லுறார்?”

“அருமையான திருத்தம், அண்ணை,” என்றார் தியாகராஜா. “நானே வழிமொழியிறன்.” முதலில் உயர்ந்த கையும் அவருடையதுதான். மற்றக் கைகள் அதைப் பார்த்து உயர்ந்தன.

‘நடிக்கிறான். உள்ளுக்க வேகுது’ என்று ஞானேஸ்வரன் நினைத்துக்கொண்டார். அந்த மகிழ்ச்சியில் மண்டபத்துக்கே மட்டன் ரோல் வாங்கிக் கொடுத்தார். தியாகராஜா இரண்டு சாப்பிட்டார்.

“நல்ல இறுக்கமாத்தான் கட்டியிருக்கிறியள், அண்ணை,” என்றார் வாயைத் துடைத்தபடி.

அதற்கடுத்த கிழமை ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க ரெய்னர்ஸ் லேனுக்குப் போய்க் காரை நிறுத்தும்போது போன் அடித்தது. ஹரோ லீக்கின் செயலாளர் கிளின்ரன். சலுகை கேட்டுக் கெஞ்ச எடுக்கிறான் என்று ஞானேஸ்வரனுக்கு உடனே விளங்கியது. சீட்டைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்தார்.

“அண்ணை, இரண்டு கிழமை பொறுத்திட்டம். இனிக் கதைக்கலாம்தானே?”

“தாராளமாக் கதையும்.”

“வெளியேறுற காசு இரண்டாயிரத்தையும் நாங்களே கட்டுறதெண்டு கொமிட்டியில முடிவெடுத்தாச்சு.”

“இரண்டாயிரம் பழைய கதை, தம்பி. இப்ப இருபதாயிரம். எழுதினது நான்தான். ஓட்டை இருக்கோ எண்டு தேடிப் பாரும், கிடைக்காது.”



“இருபதோ? ஏன் அண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்? எங்களிட்ட இரண்டாயிரத்துக்குமேல ஒரு பென்னியும் இல்லை.”

“ஏனோ? கண்டல்துறைக்கு அவ்வளவு மவுசு எண்டு கண்டுபிடிச்சது நீங்கள்தானே? முழுக் காசையும் வைச்சிட்டு அவையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

 கிளின்ரன் மெல்லச் சொன்னான்:

“நாங்கள் தலைவருக்கு எழுதிக் கேட்டது கொன்றையடியை, அண்ணை. எங்கட இரண்டாயிரம் போக, நீங்கள் கட்ட மிச்சம் பதினெட்டாயிரம்.”