கூட ஒருவர்தான்

என் பிரசவத்துக்கு இந்த நாட்டுக்கு வர அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் தினமும் வீடியோ காலில் அதிகாரம் செய்தாள். "நகத்தை வெட்டுடி, குழந்தையைக் கீறிடும்." நான் வெட்டவில்லை.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் என் கணவரை மறித்தாள். கூட ஒருவர்தான் இருக்கலாமாம். ஏற்கெனவே ஒரு அம்மா உள்ளே இருக்கிறார்களாம். என் வீட்டுக்காரருக்கு இந்த ஊர் பாஷை அரைகுறை. பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிடைத்த கையைப் பிடித்துக் கத்தினேன். நர்ஸின் கை என்றுதான் நினைத்தேன்.

மகள் பிறந்ததும் அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டினோம். பேத்தியைக் கொஞ்சிவிட்டு, கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தாள். மணிக்கட்டில் பிறை பிறையாக நகக்குறிகள் சிவந்திருந்தன.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, நகத்தை வெட்டுன்னு. கேட்டியாடி?"