எட்டா, பத்தா?

“மேடம், இடது பக்கமா, வலது பக்கமா? ரோடு பிரியற இடத்துல வண்டியை நிறுத்திட்டு நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க!”

வாக்கிடாக்கியில் தீயணைப்பு வண்டி டிரைவரின் குரல் பதறியது.

காட்டுத்தீ கண்காணிப்புக் கோபுரத்தின் உச்சியில் நின்ற அதிகாரி தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குன்றுக்கு மேலே புகை மட்டும்தான் தெரிந்தது. நெருப்பு எங்கே என்று தெரியவில்லை. அந்தத் திசையில் எட்டு கிலோமீட்டரில் ஒரு குடியிருப்பு. அதே நேர்கோட்டில், பத்து கிலோமீட்டரில், மரம் வெட்ட வந்தவர்களின் கூடாரங்கள். இரண்டு இடத்துக்கும் போன் கிடைக்காது. இருப்பதோ ஒரே வண்டி. தப்பான பாதையில் போய்விட்டால் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரம் பிடிக்கும்.

“இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? புகையோட கனத்தைப் பார்த்தாலே தெரியுது, குடியிருப்புதான். இடது பக்கம் திருப்பறேன்.”

“திருப்பாதீங்க. அப்படியே நில்லுங்க.”

அவள் அடுத்த கோபுரத்தைக் கூப்பிட்டாள். அங்கே இருந்தவரை எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுவார்கள். நிலைப்படியில் தலை இடிக்காமல் எந்த அறைக்குள்ளும் நுழையத் தெரியாதவர்.

“நெட்டை, புகை இருக்கற கோணம் எனக்கு எழுபத்தொண்ணு டிகிரி. உங்களுக்கு எவ்வளவு?”

“அம்பத்தஞ்சு இருக்கும்.”

கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர். ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் கையில் இருந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களை சைன் விதி சொல்லிவிடும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டினாள். எட்டு புள்ளி ஒன்று.

குடியிருப்பு!

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். மறுபடி பட்டனை அழுத்தினாள்.

“நெட்டை, இருக்கும்னா என்ன அர்த்தம்? கருவியில பார்த்தீங்களா, குத்துமதிப்பா சொன்னீங்களா?”

“அது... அவசரத்துல கண்ணாலதான்...”

“கருவியில பார்த்துச் சொல்லுங்க.”

“மேடம், அங்கே நெருப்பு எரியுது, நீங்க கணக்குப் போட்டுட்டு இருக்கீங்களே!” டிரைவர் கத்தினார்.

நெட்டையின் குரல் திரும்பி வந்தது.

“மன்னிச்சுக்கங்க. அறுபத்து நாலு. ரெண்டு தடவை பார்த்துட்டேன்.”

அப்படியானால் மூன்றாவது கோணம் நாற்பத்தைந்து. எட்டை அறுபத்து நாலின் சைனால் பெருக்கி, நாற்பத்தைந்தின் சைனால் வகுத்தாள். பத்து புள்ளி இரண்டு. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே பத்து புள்ளி இரண்டு.

“வலது பக்கம். கூடாரங்களுக்குப் போங்க.”

மறுமுனையில் எஞ்சின் உறுமியது.

“மேடம், கணக்கு தப்பாப் போச்சுன்னா? குடியிருப்புல இருக்கறவங்களும் மனுஷங்கதானே!”

“தப்பாப் போனா பதில் சொல்ல வேண்டியவ நான். திருப்புங்க.”

“உங்களுக்குக் கல்லு மனசு மேடம்.”

வண்டி வலது பக்கம் திரும்பியது.

அதற்குப் பிறகு அவள் உட்காரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். புகை கறுத்துக்கொண்டே போனது. நெட்டை ஏதோ ஆறுதல் சொல்ல வந்தார். “லைனை விடுங்க” என்றாள்.

கடைசியில் வாக்கிடாக்கி கரகரத்தது.

“மேடம்! கூடாரம்தான்! பின்பக்கம் வரைக்கும் நெருப்பு வந்துடுச்சு. பிள்ளைங்க, பொம்பளைங்க எல்லாரையும் ஓடைக்கு அந்தப் பக்கம் சேர்த்துட்டோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இடது பக்கம் போயிருந்தா இங்க சாம்பலைத்தான் அள்ளியிருப்போம்.”

“நெருப்பு?”

“அடக்கிடலாம் மேடம்.”

வெயில் சாயும் நேரத்தில் புகை மெலிந்து வெளுத்தது. டிரைவர் மறுபடி லைனில் வந்தார். இப்போது குரலில் பதற்றம் இல்லை, தயக்கம் இருந்தது.

“முழுக்க அணைச்சாச்சு. இனிமே டியூட்டி இருக்கா மேடம்?”

“இல்ல. முடிஞ்சுது.”

“அப்போ குடியிருப்புக்கு ஒரு எட்டு போயிட்டு வரட்டுமா, அத்தை? புகையைப் பார்த்து உங்க பொண்ணு கைக்குழந்தையோட பயந்து போயிருப்பா.”

அதுவரை நடுங்காத அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

“ஓடுங்க மாப்பிள்ளை!”