காகிதச் சட்டையின் பை

மாலை வெயில் சாப்பாட்டு மேசையின் பாதி வரை வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் அக்காவும் தங்கையும் அண்ணனின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்கிறார்கள். வேலை போனதிலிருந்து அண்ணன் யார் பணம் நீட்டினாலும் சிரித்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அதனால் அட்டையில் ஒட்டியிருக்கும் நீலக் காகிதச் சட்டையின் பைக்குள் நோட்டுகளை மடித்து வைத்து, வெளியே தெரியாதபடி தங்கை நகத்தால் நீவி விடுகிறாள். சோதித்துப் பார்க்க அவள் கணவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். “பொத்தான்கூட வெச்சிருக்கீங்களே, ஜோர்” என்று மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிப்பு பாதியில் நிற்கிறது.

“அக்கா, அண்ணனும் இப்படியே அலமாரியில வெச்சிட்டா?”

அக்கா வெள்ளைத் தாளில் நகமளவு கைக்குட்டை ஒன்று வெட்டுகிறாள். அதன் வாலை நோட்டோடு சேர்த்து மடித்துச் சொருகி, முனையை மட்டும் பைக்கு வெளியே எட்டிப் பார்க்க விடுகிறாள்.

“நம்ம முன்னாடி கண்டுக்க மாட்டாரு. ஆள் இல்லாதப்போ இழுத்துப் பாப்பாரு. அம்மா அந்தப் பக்கம் போனதும் நம்ம ரிப்பனை இழுத்த கைடி அது.”

தங்கையின் கை தானாகப் பின்னல் நுனிக்குப் போகிறது.